தண்டவாளத்தை ஒட்டிய ஊர்கள்: கார் ஓட்டாமல் மலேசியாவைச் சுற்றுவது எப்படி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை குறைவு. அதனால் லைசன்ஸ் எடுக்கவே இல்லை. கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக முப்பது வருடம் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஊர் சுற்றப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "டீச்சர், இங்க காடி இல்லாம எங்கயும் போக முடியாது." காடி என்றால் எங்கள் பேச்சில் கார். ஒன்பது வருடமாகக் காடி இல்லாமல்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பேராக், கெடா, பகாங், கிளந்தான் என்று நான் பார்த்த ஊர்களில் பாதியை, காடி வைத்திருக்கிற என் தம்பி பார்த்ததில்லை. இதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. சின்ன ஊர்களை எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் என்று மூன்று நாளில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் நெடுஞ்சாலையைத் தாண்டிப் பார்க்காத நம் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாள் பழகிப் பாருங்கள்

எடுத்த எடுப்பில் தூர ஊருக்குக் கிளம்ப வேண்டாம். கோலாலம்பூரில் தங்கியிருந்தால் கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஏறி, பாதை முடிகிற இடமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்குங்கள். வெளியே வந்ததுமே கேத்தாம் தீவுக்குப் போகிற படகுத்துறை பக்கத்தில் இருக்கும். சதுப்புநிலக் காட்டுக்கு நடுவே ஓடுகிற படகு முக்கால் மணி நேரத்துக்குள் உங்களைக் கொண்டு சேர்த்துவிடும். ஊர் முழுவதும் கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கிற மீனவர் வீடுகள். அங்கே கார் என்பதே கிடையாது, எல்லாரும் சைக்கிளில்தான் போகிறார்கள். ரயில், படகு, நடை என்று மூன்றும் ஒரே நாளில் பழகிவிடும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்கிற பழக்கமும் அங்கேயே தொடங்கட்டும். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது

சாலை வரைபடத்தை எடுத்து வைத்துவிட்டு ரயில் வரைபடத்தைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் பெரிய பாதைகள் இரண்டுதான். ஒன்று தாய்லாந்து எல்லையில் இருக்கிற பாடாங் பெசாரிலிருந்து மேற்குக் கரையோரமாக ஜொகூர் பாரு வரை வருவது. இன்னொன்று நெகிரி செம்பிலானில் கிம்மாஸ் என்ற இடத்தில் பிரிந்து, காட்டு வழியாக வடகிழக்கே கிளந்தானில் தும்பாட் வரை போவது.

இந்தப் பாதைகள் போடப்பட்டது முதலில் ஈயத்துக்காக. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு முதல் ரயில் ஓடியது. அடுத்த வருடமே கோலாலம்பூரிலிருந்து எங்கள் கிள்ளான் ஆற்றங்கரை வரை ரயில் வந்துவிட்டது. ஈயம் தோண்டிய இடத்தில் ஊர் எழுந்தது, ஊருக்கு நடுவே ரயில் வந்தது. அப்புறம் ரப்பர். தோட்டத்துச் சனம் சம்பள நாளில் சாமான் வாங்க வந்ததும் அந்த ஸ்டேஷன் ஊர்களுக்குத்தான். அதனால் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஐந்தடி வழியோடு, அதாவது முன்னால் கூரை போட்ட நடைபாதையோடு நிற்கிற பழைய கடைவரிசை, மார்க்கெட், பள்ளிவாசல், சீனர் கோயில், ஒரு மாரியம்மன் கோயில் எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கும். 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்த பிறகு, வண்டிகளெல்லாம் இந்த ஊர்களுக்குள் வராமலே போகத் தொடங்கின. இன்றைக்கு காடியில் போகிறவர் ஓய்வு நிறுத்தத்தில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஈப்போவையோ பினாங்கையோ பார்த்துப் பறக்கிறார். நமக்கு அந்தப் பழைய ஊர்கள் அப்படியே கிடைக்கின்றன.

நான் செய்வது இதுதான். கூகுள் மேப்பில் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு விரலால் மெதுவாக நகர்த்துவேன். ஒரு ஸ்டேஷன் வந்தால் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பார்ப்பேன். சின்னச் சின்ன சிவப்புக் கூரைகள் நேர்வரிசையில் நெருங்கி நின்றால் அது பழைய கடைத்தெரு. அந்த வரிசைக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளப்பேன். இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

அளந்து பார்க்காமல் ஸ்டேஷன் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் தாப்பா பட்டணம் அங்கே இல்லை. அது இன்னும் பத்து கிலோமீட்டர் போல உள்ளே தள்ளி இருக்கிறது. கோலகுபு பாருவும் அப்படித்தான். அந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. 1883-ல் அணை உடைந்து பழைய கோலகுபு பெரும் அழிவைச் சந்தித்தது. அதன் பிறகும் வெள்ளம் விடவில்லை. கடைசியில் மேட்டில் புதிதாக ஓர் ஊரைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். ரயில் நிலையம் ஊரை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போக வேண்டிய ஊர்தான், மரங்களும் மலைக்காற்றுமாக அவ்வளவு அமைதி. ஆனால் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம் என்று நினைத்து வெயிலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மலாய் ஊர்ப் பெயர்களில் நாலைந்து சொல் தெரிந்து வைத்துக்கொண்டால் வரைபடமே பேசும். கோலா என்றால் ஆறு போய்ச் சேருகிற இடம். சுங்கை ஆறு, தஞ்சோங் முனை, பத்து கல். காஜா என்றால் யானை, நம் கஜம்தான். பத்து காஜா, கல் யானை. குவா என்றால் குகை, அதுவும் நமக்குத் தெரிந்த சொல்தான். பெயரில் கோலா இருந்தால் ஆற்றங்கரையும் பழைய வியாபாரமும் அங்கே இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பாரு என்றால் புதுசு, அப்படியென்றால் பழையது ஒன்று எங்கோ இருந்திருக்கிறது.

ஓர் ஊரில் தங்குங்கள், அங்கிருந்து சுற்றுங்கள்

தினம் ஓர் ஊரில் பெட்டியை இறக்கி ஏற்றினால் மூன்றாம் நாளே களைத்துவிடுவீர்கள். ஓர் ஊரில் மூன்று இரவு தங்கி, காலையில் கைப்பையோடு கிளம்பி சாயந்திரம் திரும்புவதுதான் என் வழக்கம். அப்படித் தங்க எனக்குப் பிடித்த ஊர் தைப்பிங். பேராக் மாநிலத்தின் தலைநகரமாக இருந்த ஊர், 1937-ல் அந்தப் பெருமை ஈப்போவுக்குப் போனது. ஈயத்துக்காகச் சீனக் குழுக்கள் வருடக்கணக்கில் வெட்டிக்கொண்டு செத்த இடம். சண்டை ஓய்ந்தபோது பெரிய அமைதி என்ற பொருளில் தைப்பிங் என்று பெயர் வைத்தார்கள்.

கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். மின்ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடக்கலாம். எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் வந்தால் கமுந்திங் பக்கம் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டும். ஈப்போவிலும் இதே கதைதான். ரயில் ஊருக்கு நடுவே கொண்டுபோய் விடும், தூரத்துப் பஸ்களின் அமான்ஜெயா நிலையமோ ஊருக்கு வெளியே. ரயிலும் பஸ்ஸும் இரண்டுமே கிடைக்கிற ஊருக்கு, பஸ் விலை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ரயிலையே எடுங்கள்.

தைப்பிங்கில் காலை ஏழு மணிக்கு ஏரித் தோட்டத்தில் இருங்கள். ஈயம் தோண்டிப் பாழாய்ப் போன நிலத்தை 1880-களில் தோட்டமாக மாற்றினார்கள். கரையோரம் தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன, நூறு வயதைத் தாண்டியவை. அவற்றின் கிளைகள் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏரித் தண்ணீரைத் தொடும். கிளை முழுக்கப் பாசியும் பெரணியும் முளைத்திருக்கும். அவை அப்படிச் செழித்திருப்பதற்குக் காரணம் மழை. தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்கிற ஊர்களில் தைப்பிங் முதல் வரிசை, வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டர் போல. அந்தக் காலத்தில் இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுவார்களாம். நான் போன நாட்களிலெல்லாம் மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிடும். அதனால் நடக்க வேண்டியதை மதியத்துக்குள் நடந்து முடியுங்கள். அதன் பிறகு கூரை உள்ள இடமாகப் பாருங்கள்: பேராக் அருங்காட்சியகம், 1883-ல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. அல்லது மார்க்கெட்.

அடுத்த நாள் கோல சிப்பெத்தாங். ஊர்ப் பஸ் நிலையத்தில் ஏறினால் மாத்தாங் வழியாகப் போய்ச் சேரும். நான் முதலில் சொன்ன போர்ட் வெல்ட்தான் இது. பழைய தண்டவாளம் இப்போது இல்லை. ஆனால் ஸ்டேஷன் இருந்த இடத்தில், கடைகளுக்கு நடுவே, அந்தக் காலத்துப் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், அவற்றோடு தமிழ். முதல் தடவை பார்த்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். என் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். அப்பாவுக்கு மலாய் படிக்க வராது, ஆங்கிலமும் வராது. இந்த மாதிரிப் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்த்துத்தான் எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துகொள்வாராம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் பல பேர் யாழ்ப்பாணத் தமிழர்கள், தண்டவாளத்தில் நின்றவர்கள் நம் கூலிச் சனங்கள். அந்தப் பலகையைத் தொட்டுப் பார்க்காமல் வராதீர்கள்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் கரிச்சூளைகள் இருக்கின்றன. பஸ்காரரிடம் முன்னதாகச் சொல்லி வைத்தால் பக்கத்தில் இறக்கிவிடுவார். மாத்தாங் சதுப்புக் காட்டு மரத்தை அளவாக நறுக்கி, பட்டையை அடித்து உரித்து, கவிழ்த்த பானை மாதிரி இருக்கிற செங்கல் சூளைக்குள் நெருக்கமாக நிறுத்தி வைக்கிறார்கள். மரத்தில் நேராகத் தீ வைப்பதில்லை. வாயில் எரிகிற நெருப்பின் சூட்டிலேயே உள்ளே இருக்கிற மரம் வெந்து ஈரத்தை விட வேண்டும். சூளை மூட்டியதிலிருந்து ஆறுகிற வரை ஒரு மாதம் போல ஆகும். பக்கவாட்டு ஓட்டையிலிருந்து வெள்ளைப் புகை வரும், புளித்த வாசனை. அந்தப் புகையை வைத்துத்தான் உள்ளே எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சூளைக்காரர் கண்டுபிடிக்கிறார். நான் நின்றபோது ஒருவர் புகைக்கு நேரே கையை நீட்டி, விரல்களைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு நாள் என்றார்.

சாயந்திரம் மின்மினி பார்க்கப் படகு போகும். அழகுதான். ஆனால் படகு முடியும்போது பஸ் இருக்காது. பார்க்கத்தான் வேண்டும் என்றால் அங்கேயே ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

திரும்பி வருகிற வழியை முதலில் கேளுங்கள்

இது எனக்குக் கஷ்டப்பட்டுத் தெரிந்த பாடம். பேராக்கில் ஓர் ஆற்றோர ஊருக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துச் சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருந்தது. கடைசிப் பஸ் ஆறே முக்கால் என்று போட்டிருந்ததை நம்பி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு வந்து பார்த்தால் நிலையத்தில் ஒரு சனமும் இல்லை. அந்த ஓட்டத்தை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது, அட்டவணையை யாரும் கிழிக்கவில்லை, அவ்வளவுதான். கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிடுகிற கிராப் செயலியைத் திறந்தால் வண்டியே காட்டவில்லை. மழை வேறு. எதிரே ஒட்டுக்கடை போட்டிருந்த மலாய் அம்மா கடையைச் சாத்திவிட்டு, மகனை விட்டு என்னைப் பெரிய சாலை வரைக்கும் கொண்டுபோய் ஈப்போ பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த முறை போனபோது கிள்ளானிலிருந்து முறுக்கு செய்து எடுத்துப் போனேன்.

அன்றிலிருந்து எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலை இதுதான். சுவரில் இருப்பதைப் படிப்பேன், ஆனால் நம்புவது ஆளைத்தான். வந்த பஸ்ஸின் ஓட்டுநரிடமே கேளுங்கள்: "பஸ் தெராக்கிர் புக்குல் பெராப்பா?" கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று அர்த்தம். அவர் சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால் சரி. அப்படியும் கடைசிப் பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு முந்தியதில் ஏறிவிடுங்கள். ஓட்டுநர் பெரியவராக இருந்தால் பாக்சிக் என்று கூப்பிடுங்கள், மாமா என்கிற மாதிரி. அம்மாக்களை மாக்சிக். இளம் பையனை ஆடிக் என்றால் போதும். இறங்க வேண்டிய இடம் வந்தால் "தூருன் சினி".

கிராப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈப்போ, தைப்பிங், சுங்கைப்பட்டாணி மாதிரி ஊர்களில் நன்றாகக் கிடைக்கும். அந்த ஊர்களிலிருந்து கிராமத்துக்குப் போகவும் கிடைக்கும். திரும்பி வரத்தான் கிடைக்காது. போகிற வண்டிக்காரரிடமே ஒரு மணி நேரம் காத்திருக்க எவ்வளவு என்று பேசி முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். கடாரம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது முக்கியம். 1025-ல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தக் கெடா பகுதிதான் என்பார்கள். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்களும் அருங்காட்சியகமும் மெர்போக்கில், ஜெராய் மலையடியில் இருக்கின்றன. ரயில் சுங்கைப்பட்டாணி வரைக்கும்தான். அங்கிருந்து போக வர ஒரே வண்டியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

டிக்கெட், குளிர், சில்லறை

இ.டி.எஸ். டிக்கெட்டில் உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும், வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் எண். ரயில் நிறுவனமான கே.டி.எம்.மின் செயலியிலேயே வாங்கலாம். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, பள்ளி விடுமுறை சமயங்களில் எல்லாரும் ஊருக்குப் போவார்கள், சீட் கிடைக்காது. அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் விற்பனை திறந்தவுடன் வாங்குங்கள். கொமுட்டரில் முன்பதிவு கிடையாது, போய் ஏறிக்கொள்ளலாம். பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங் பக்கம் வருகிற கொமுட்டர் நிபோங் தெபால், பாரிட் புந்தார், பாகான் செராய் எல்லாவற்றிலும் நின்று வரும். வயல்வெளி பார்த்துக்கொண்டு ஏறி இறங்கி விளையாட அதைவிட நல்ல வண்டி இல்லை.

ரயிலிலும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் குளிர்சாதனம் பற்களைத் தந்தியடிக்க வைக்கும். வெளியே கொளுத்துகிறதே என்று நினைக்காமல் ஒரு ஸ்வெட்டரும் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பஸ்ஸுக்கு ஒரு ரிங்கிட் நோட்டுகளும் சில்லறையும் தனியாக வையுங்கள். குடையை விட மழைக்கோட்டு நல்லது, இரண்டு கையும் காலியாக இருக்கும். செருப்பு நனைந்தால் காயக்கூடியதாக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பெரும்பாலான ஸ்டேஷன் ஊர்களில் ஒரு தமிழர் கடையோ, இந்திய முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் கடையோ இருக்கும். சுத்த சைவம் வேண்டுமென்றால் சீனர்களின் சைவக் கடையையும் பாருங்கள், மஞ்சள் பலகை போட்டிருக்கும். தனியாகப் போகிற பெண்கள் என்னிடம் பயமா இல்லையா என்று கேட்பார்கள். ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் இடையில் இருக்கிற ஹோட்டலாகப் பார்த்து எடுப்பேன், இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடுவேன், மறுநாள் எங்கே போகிறேன் என்று ஹோட்டல் முன்மேசையில் சொல்லிவைப்பேன். இதுவரை ஒரு கெட்ட அனுபவமும் இல்லை.

ஈப்போவிலிருந்து

இரண்டாவது தங்கல் ஈப்போ. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நமக்கு வேண்டியது அதன் ரயில் நிலையமும், நடந்து போகிற தூரத்தில் இருக்கிற மேடான் கிட் ஊர்ப் பஸ் நிலையமும்தான்.

ரயிலில் வடக்கே போனால் கோலகங்சார், அரச நகரம். 1877-ல் இங்கே நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம் அது. எல்லாரும் தங்கக் குவிமாடம் வைத்த உபுடியா பள்ளிவாசலைப் பார்க்க வருகிறார்கள். நிச்சயம் பாருங்கள், ஆனால் மரத்தடிக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

தெற்கே போனால் பத்து காஜா. ஸ்டேஷனிலிருந்து கிராப் எடுத்து, காத்திருக்கப் பேசி, கெல்லி மாளிகைக்குப் போகலாம். ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கட்டத் தொடங்கினார். 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியிலேயே நின்றது. சுற்றுலாக்காரர்கள் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். வேலையாட்கள் நடுவே கொள்ளைநோய் வந்து பலர் இறந்தபோது, அவர்கள் கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் கட்டிக் கொடுத்தது. மேலே சுதை உருவங்களை வரிசையாகப் பாருங்கள். தேவர்களுக்கு நடுவே கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். நம் ஆட்கள் அவரை அங்கே நிறுத்தினார்கள்.

கம்பார் இன்னும் கொஞ்சம் தெற்கே. ஈய வரலாற்றுக்கு ஒரு நல்ல அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, பழைய தெருவும் உண்டு. தெலுக் இந்தானுக்கு ரயில் எப்போதோ நின்றுவிட்டது, ஈப்போவிலிருந்து பஸ்தான். 1885-ல் கட்டிய சாய்ந்த கோபுரம் அங்கே. வெளியிலிருந்து எட்டு மாடி மாதிரித் தெரியும், உள்ளே மூன்றுதான். தண்ணீர் தேக்கி வைக்கக் கட்டியது. காலையில் போய் மதியம் திரும்பிவிடுங்கள்.

காட்டு ரயில்

கைப்பழக்கம் வந்த பிறகு கிழக்குப் பாதைக்குப் போங்கள். கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர். 1931-ல் முழுசாக முடிந்த பாதை. ஜப்பான்காரன் காலத்தில் இதன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்குப் போட்டார்கள். அந்த ரயில் பாதைக்குத்தான் இங்கிருந்து தோட்டத்துத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். என் தாத்தாவின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. போருக்குப் பிறகு பாதையை மறுபடி போட்டார்கள்.

இங்கே மின்ரயில் கிடையாது, டீசல் வண்டிதான். ஒரு நாளைக்குச் சில ஓட்டங்கள் மட்டுமே, கோலலிப்பிஸில் வண்டி மாற வேண்டியிருக்கும். அதனால் அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. கோலலிப்பிஸில் ஓர் இரவு தங்குங்கள். 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகரம், ஜெலாய் ஆறும் லிப்பிஸ் ஆறும் சேருகிற இடம். ஸ்டேஷன் கடைத்தெருவை ஒட்டியே இருக்கிறது, பெட்டியை உருட்டிக்கொண்டே ஹோட்டலுக்குப் போய்விடலாம். மறுநாள் வடக்கே போகும்போது சுண்ணாம்புப் பாறைகள் காட்டுக்குள்ளிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும். குவா மூசாங் பழைய ஸ்டேஷன் அப்படி ஒரு பாறையின் அடியிலேயே இருக்கிறது. டாபோங்கில் இறங்கினால் பக்கத்தில் ஈக்கான் குகை. அது கிராமம்தான், சாப்பாட்டையும் தண்ணீரையும் கையில் கொண்டுபோங்கள்.

வண்டியில் நான்தான் சுற்றுலாக்காரி, மற்றவர்கள் எல்லாரும் வேலையாகப் போகிறவர்கள். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு ஸ்டேஷன் தாண்டி இறங்குவார்கள். சந்தைக்குப் போகிற மாக்சிக் ஒருவர் காலடியில் பெத்தாய் காய்க் கட்டுகளை வைத்துக்கொண்டு தூங்கினார். வண்டி முழுக்க அதன் வாசனை.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை இந்தப் பக்கம் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபு ரயில் பாலமே அடித்துக்கொண்டு போனது, பாதை பல மாதம் முடங்கியது. கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும், அதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கோத்தா பாருவுக்கு வாகாஃப் பாருவில் இறங்க வேண்டும், அங்கிருந்து பட்டணம் பக்கம்தான், வண்டி கிடைக்கும். நான் இறங்குவதில்லை. தும்பாட் வரை போய்விடுவேன். அங்கே தண்டவாளம் முடிகிறது. சயாமியக் கோயில்கள் வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. ஒன்றில் படுத்திருக்கும் பெரிய புத்தர். போய்ப் பார்க்க ஸ்டேஷன் வாசலிலேயே வண்டி பேசிக்கொள்ளலாம். பேசும்போதே திரும்புகிற ரயிலின் நேரத்தையும் வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.